வெட்டத் தெரிந்த கைக்கு ஏன் என்று தெரிய வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். சரிவு சுமார் 30 பாகை. முப்பது ஆண்டு உளி பிடித்தவரிடம் ஏன் இப்படி என்று கேளுங்கள். “அப்படித்தாங்க வெட்டணும், மாத்தி வெட்டினா கங்காணி ஏசுவாரு” என்பார். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. மூன்று, நான்கு பாகை வலப்பக்கமாகச் சாய்ந்தபடி மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றைக் குறுக்கே அறுக்கும்; எதிர்ப்பக்கம் சரித்தால் அதே நீளத்தில் குறைவான குழாய்களே அறுபடும். குழாய்கள் நெருக்கமாக இருப்பது கேம்பியம் என்ற வளர்படலத்தை ஒட்டிய உள்பட்டையில். ஆகவே உளி அதற்கு ஒரு மில்லிமீட்டர் தூரம்வரை போக வேண்டும், தொட்டுவிடக் கூடாது. தொட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். சில ஆண்டு கழித்து அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியுமுன் வெட்டுவது ஏன்? வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும், பால் குறையும்.

அறிவுப் பொருளாதாரத்தில் ஒரு நாடு எப்படிப் போட்டியிடுவது என்ற கேள்விக்கு மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய் போன்ற தோட்டப் பட்டணத்திலிருந்து பதில் எழுதுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க முடியும். எப்படி வெட்டுவது என்பது நம் மக்களின் கையில் நூறு ஆண்டாக இருந்தது. ஏன் என்பது ஆய்வுக்கழகத்திலும் துரை பங்களாவிலும் இருந்தது. இன்று கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்ற தொழிற்பேட்டையின் வாசலிலும் அதே கோடு விழுந்துகொண்டிருக்கிறது.

மலேசியாவுக்கு அறிவுப் பொருளாதாரம் 1996-ல் மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்ற தகவல் தொழில்நுட்ப மண்டலம் வந்தபோதோ 2002-ல் அதற்கென்று பெருந்திட்டம் வெளியானபோதோ பிறந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ரப்பர் ஆய்வுக்கழகம் தொடங்கியது 1925-ல். அதற்கும் முன்பே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்ற தாவரவியலாளர், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், ஒரே வெட்டின் ஓரத்தை நாளுக்கு நாள் மெல்லிதாகச் சீவினால் பால் கூடுகிறது என்று கண்டு சொல்லிவிட்டார். ஆய்வுக்கழகம் தெரிவுசெய்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுரகம் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் 1965-ல் வந்த எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தரமுறை. அதுவரை ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சணம், குமிழி, நிறம் பார்த்துக் கண்ணால்தான் தரம் பிரித்தார்கள். செயற்கை ரப்பர் விற்றவர்களோ ஒவ்வொரு மூட்டைக்கும் சோதனை எண்களைக் கொடுத்தார்கள். டயர் ஆலைக்காரனுக்கு எது வசதி? ஆய்வுக்கழகம் விளையாட்டையே மாற்றியது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு தளர்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, 33.33 கிலோ கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சான்றோடு விற்றார்கள். எஸ்.எம்.ஆர். 10, 20 என்பதில் உள்ள எண் அழுக்கின் அளவை வைத்து வந்தது. அதே மரம், அதே பால். அளந்து எழுதிக் கொடுத்ததற்குத்தான் கூடுதல் மதிப்பு.

பிறகு இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அதே முறையைத் தங்கள் பெயரில் கொண்டுவந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 தாய்லாந்தில் பரவலாக நடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து உற்பத்தியில் நம்மை முந்தியது. இன்று நம் கையுறை ஆலைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் பால் வாங்குகின்றன. அறிவு ஒரே இடத்தில் கட்டிக் கிடக்காது. கண்டுபிடித்தவன் அடுத்ததைக் கண்டுபிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் அதை வைத்தே பிழைத்துக்கொள்வான்.

செம்பனையில், அதாவது எண்ணெய்ப் பனையில், நடந்ததும் இதற்குக் குறைந்ததில்லை. மலாயாவுக்குப் பனை வந்தது, அதன் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி உடன் வரவில்லை. அதனால் 1970களில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து ஒவ்வொரு பூக்குலையிலும் கையால் ஊதிக்கொண்டு போனார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் போய்ப் பார்த்து, அங்கே அந்த வேலையை ஒரு சின்ன வண்டு செய்கிறது என்று காட்டினார். நோய் ஏதும் ஒட்டிவராதபடி தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு 1981-ல் ஜொகூரில், குளுவாங் பக்கம், அந்த வண்டு விடப்பட்டது. கையால் ஊதும் வேலை மிக விரைவில் நின்றது. குலையில் காய்ப்பிடிப்பு கூடியது, பருப்பும் கூடியது. நாட்டுக்குப் பெரும் லாபம். ஊதிக்கொண்டிருந்த பெண்கள் அடுத்து என்ன வேலைக்குப் போனார்கள் என்பது எந்த அறிக்கையிலும் பெரிதாக இடம்பெறவில்லை. அறிவு வந்தால் வேலையின் வடிவம் மாறும். மாறும்போது கீழே இருப்பவருக்கு அடுத்த படி கட்டிவைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

இப்போது கூலிமுக்கு வருவோம். 1996-ல் திறந்த பூங்கா அது. இன்ஃபினியோன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அங்கே சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. 200 மில்லிமீட்டர் வேஃபர், அதாவது மின்னணுச் சில்லுகளை உருவாக்கும் மெல்லிய வட்டத் தட்டு; மின்சாரக் காருக்கும் சூரிய மின்சாரத்துக்கும் வேண்டிய சில்லுகள். உலகில் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, பொதிவதில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-ல் தொடங்கிய வேலை அது. அரசாங்கம் 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 2,500 கோடி ரிங்கிட் ஆதரவும் 60,000 பொறியியலாளர்களை உருவாக்கும் இலக்கும் இருக்கின்றன. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம்; சில்லு வடிவமைப்பை நாமே கற்றுக்கொள்வதற்காக.

நோக்கம் சரி. ஆனால் ஒரு பொறியியலாளர் தனியாக ஆலை நடத்துவதில்லை. இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் டெக்னிஷியன் பலர் அவருக்குக் கீழே வேண்டும். அந்த நடுப்படிதான் நமக்கு எட்டக்கூடியது, அந்தப் படியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நம் பிள்ளைகள் பூங்காவுக்குப் போகிறார்கள், போகாமலில்லை. பெரும்பாலும் ஆபரேட்டராக, 12 மணி நேர ஷிப்டில். பொத்தானை அழுத்து, தட்டை மாற்று, விளக்கு சிவந்தால் ஆளைக் கூப்பிடு. கங்காணி ஏசுவாரு என்ற பதிலின் புதுப்பதிப்பு இது.

ஆபரேட்டருக்கும் டெக்னிஷியனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். ஒரு வேஃபர் ஆலையை விட்டு வெளியே வருவதற்குள் பல நூறு படிகளைத் தாண்டுகிறது. 500 படி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் கெடுகிறது, அதாவது 99.9 விழுக்காடு நல்லது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 0.999-ஐ 500 முறை பெருக்கிப் பாருங்கள்: கடைசியில் நல்லதாக மிஞ்சுவது சுமார் 61 விழுக்காடு. பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் கெடுகிறது என்றால் 95 விழுக்காடு மிஞ்சும். லாபமும் நட்டமும் தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்காவது இடத்தில் இருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத இடம் அது. எண்களை வரைந்து, எது வழக்கமான ஆட்டம், எது உண்மையான கோளாறு என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே சம்பளம் ஏறும்.

இதற்கான கருவி பழையது. 1924-ல் வால்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் மூன்று திட்டவிலக்கத் தூரத்தில் எல்லைக் கோடுகள்; எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவுதான் திட்டவிலக்கம். ஆயிரத்தில் மூன்று புள்ளிதான் தற்செயலாக அந்த எல்லையைத் தாண்டும். தாண்டினால் இயந்திரத்தைப் பார். இன்னொரு விதியும் உண்டு: எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். நாணயத்தைச் சுண்டி எட்டு முறையும் தலையே விழ 256-ல் ஒரு வாய்ப்புத்தான்.

இதைக் கற்க வேஃபர் ஆலைக்குப் போகத் தேவையில்லை. எந்தச் செம்பனை ஆலையிலும் எஃப்.எஃப்.ஏ. என்ற தனிக் கொழுப்பு அமில அளவைத் தினமும் எழுதுகிறார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மூன்று மாதச் சராசரி 3.0 என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாளில் 3.1, 3.2, 3.1, 3.3, 3.4, 3.3, 3.5, 3.6 என்று வருகிறது. எல்லாம் ஐந்துக்குக் கீழே. கிராணி எழுதி மூடிவிடுவார், மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிடுவார். வரைபடம் தெரிந்தவர் எட்டாம் நாளே கையைத் தூக்குவார். பழம் நசுங்கியவுடன் அதற்குள் இருக்கும் லிபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்குகிறது. குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி பட்டதும் அந்த நொதி செத்துவிடும். ஆகவே அளவு ஏறுகிறது என்றால் கோளாறு ஸ்டெரிலைசருக்கு முன்னாலேதான். தோட்டத்தில் குலை இரவு தங்குகிறதா? லாரி ஒன்று பழுதா? ஆலையில் குலை கொட்டும் ராம்ப்பில் முதலில் வந்த குலையை அடியில் விட்டுவிட்டு மேலே கொட்டியதையே தள்ளுகிறார்களா? குலையைத் தூக்கி எறிந்து நசுக்குகிறார்களா? நான்கு கேள்வி, அரை நாள் வேலை.

பணத்தில் சொன்னால் இன்னும் உறைக்கும். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1,200 டன். எண்ணெய் பிழிவு அரை விழுக்காடு குறைந்தால் நாளுக்கு 6 டன் எண்ணெய் காணாமல் போகிறது. டன் 4,000 ரிங்கிட் என்று வைத்தாலும் 24,000 ரிங்கிட். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டாலே இதில் ஒரு பகுதி போய்விடும். தோட்டத் தொழில் முடிந்துபோன தொழில், அறிவு வேறெங்கோ இருக்கிறது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 2013-ல் மலேசியச் செம்பனை வாரிய விஞ்ஞானிகள் தலைமையில் பழத்துக்குள் பருப்பை மூடியிருக்கும் ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணு கண்டறியப்பட்டது. எண்ணெய் குறைவாகத் தரும் தடித்த ஓட்டுக் கன்று கலந்துவிட்டால் மரம் காய்க்கும்வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டு, தெரியாது. இப்போது நாற்றுமேடையிலேயே இலையைக் கிள்ளிச் சோதிக்கலாம். நாற்றுமேடையில் பாத்தி கட்டுகிறவருக்கு அந்தச் சோதனை எதற்கு என்று யாராவது விளக்கியிருக்கிறார்களா?

இனிப் பள்ளிக்கூடம். பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் 2022-ல் 15 வயது மலேசிய மாணவர்களின் கணித மதிப்பெண் 409. 2018-ல் அது 440. வியட்நாம் 469, சிங்கப்பூர் 575. நாடு ஆய்வுக்குச் செலவிட்டது 2016-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.44 விழுக்காடு, 2018-ல் 1.04, 2020-ல் ஒன்றுக்கும் கீழே. தென்கொரியா ஐந்தை நெருங்குகிறது. இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இறங்கும் நாடு எத்தனை பூங்கா திறந்தாலும் வாடகைதான் வாங்க முடியும். ஆய்வுச் செலவு புத்ராஜெயாவில் இருக்கும் அரசாங்கத்தின் விவகாரம். கணிதம் நம் வீட்டு விவகாரமும்கூட.

தமிழ்ப்பள்ளியில் கணிதம் நன்றாகச் செய்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் ஏன் சறுக்குகிறது? பல காரணம் சொல்வார்கள். கவனிக்கப்படாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சொல். ஆறாம் ஆண்டில் பின்னம், தொகுதி, பகுதி என்று படித்த பிள்ளை முதலாம் படிவத்தில் பெச்சாஹான், பெங்ஙாங்கா, பென்யெபுட் என்று கேட்கிறது. விகிதம் நிஸ்பாஹ் ஆகிறது, வீதம் காடார் ஆகிறது. இரண்டையும் பிள்ளை குழப்பிக்கொள்கிறது. சராசரிக்கு மலாய்த் தொடக்கப்பள்ளிப் பாடத்தில் பூராத்தா என்பார்கள், இடைநிலையில் அதுவே மின் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் மினிமம் என்று கேட்டுப் பழகிய பிள்ளை மின் என்றதும் மிகச் சிறிய எண்ணை எழுதிவைக்கிறது. கணக்குத் தெரியும், கேள்வி புரியவில்லை. ஆசிரியர் பிள்ளையைக் கணக்கில் மக்கு என்று முடிவு கட்டுகிறார். இரண்டாம் படிவத்துக்குள் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. முதலாம் படிவத்துக்கு முன் உள்ள புகுமுக வகுப்பில் ஓராண்டு போய் வந்தவர்களுக்கும் மொழிப்பாடம் தேறுகிறதே தவிர இந்தச் சொற்கள் தனியாகத் தேறுவதில்லை.

மருந்து மலிவானது. ஆறாம் ஆண்டின் கடைசி ஆறு வாரத்தில் கணிதம், அறிவியல் சொற்கள் 150-ஐத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று பத்தியில் அடித்துக் கொடுங்கள். நாளுக்கு ஐந்து சொல். பட்டியலை மனப்பாடம் செய்யவைத்தால் பலன் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மலாயில் ஒரு கணக்கு, ஆங்கிலத்தில் ஒரு கணக்கு, இரண்டையும் பிள்ளை கையால் போட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தாள் செலவு மட்டும்தான். பரிசளிப்பு விழாப் பந்தல் செலவில் பத்தில் ஒன்றுகூட வராது என்பதை இந்தப் பக்கத்தில் சங்கம் நடத்துகிறவர்கள் அறிவார்கள்.

அடுத்த முறிவு மூன்றாம் படிவ முடிவில். மூன்றாம் படிவப் பொதுத்தேர்வான பி.டி.3 2022-ல் ரத்தானதிலிருந்து பெற்றோருக்கு எச்சரிக்கை மணி அடிக்க ஆள் இல்லை. நான்காம் படிவத்துக்குப் பாடத்தொகுப்பு தேர்வு செய்யும் தாள் வருகிறது, பிள்ளை நண்பன் டிக் செய்ததை டிக் செய்கிறது. கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் ஐந்தாம் படிவம் முடித்தவருக்குப் பொறியியல் பட்டப் படிப்பின் கதவு ஏறத்தாழ சாத்திவிட்டது என்று பதினைந்து வயதில் யாரும் சொல்வதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் கூடுதல் கணிதம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்பது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

பட்டப் படிப்புக்குப் போகாதவருக்கு வேறு ஏணி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று, இரண்டு, மூன்று நிலைகள். நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. நிபோங் திபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது, ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே ஒரு தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பாடாங் செராயில் பஸ் ஏறினால் இவை எதுவும் நிலவில் இல்லை. பின் ஏன் பிள்ளை போகவில்லை? பாலிடெக்னிக் டிப்ளோமா என்றால் மூன்று ஆண்டு, சம்பளம் இல்லை. ஆபரேட்டர் வேலை நாளைக்கே. அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையாது, ஓவர்டைம் தனி. வீட்டில் கடன் இருந்தால் எந்தப் பிள்ளையும் அதைத்தான் எடுக்கும். குறை சொல்ல முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம். ஜெர்மனி முறையைப் பார்த்து 2005-ல் கொண்டுவந்தார்கள். பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலையில், மிச்சம் வகுப்பில். வாரத்தில் நான்கு நாள் வேலை, ஒரு நாள் பாடம். அல்லது நான்கு மாதம் வேலை, ஒரு மாதம் பாடம். முதலாளி அலவன்ஸ் கொடுக்க வேண்டும். முடிவில் கையில் திறன் சான்றிதழ். நடைமுறையில் எங்கே கெடுகிறது என்றால், ஆலை பயிற்சிப் பிள்ளையை மலிவான ஆபரேட்டராக ஒரே இயந்திரத்தில் நிறுத்திவிடுகிறது. பாட நாளில் ஆள் பற்றாக்குறை என்று வகுப்புக்கு விடுவதில்லை. சேரும் முன்பே பெற்றோர் இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்தப் பிரிவுக்கு மாற்றுவீர்கள், பாட நாளை ரத்து செய்தால் எப்போது ஈடு செய்வீர்கள்.

ஏற்கனவே பத்து, இருபது ஆண்டு பாய்லரும் பம்பும் பார்த்தவர்களுக்கு வகுப்பே தேவையில்லாத வழியும் உண்டு. பி.பி.டி., அதாவது பணி அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை. செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துத் தீர்மானிப்பார். இங்கே நம்மவர்கள் தோற்பது திறமையில் இல்லை, தாளில். பேரிங் மாற்றிய தேதி, பம்ப் அலைன்மென்ட் அளவு, பழுதுக்கான காரணம் எல்லாம் ஆலையின் லாக் புத்தகத்தில் இருக்கின்றன, கையெழுத்து சூப்பர்வைசருடையது. வேலையை விட்டதும் ஒரு தாள்கூடக் கையில் இல்லை. இன்றே ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். தேதி, இயந்திரம், என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, எதை மாற்றினேன், மாற்றிய பிறகு அளவு என்ன. ஒரு வேலைக்கு ஆறு வரி. வாரம் ஒருமுறை சூப்பர்வைசரிடம் கையொப்பம், நிர்வாகம் அனுமதித்தால் ஒரு படம். இரண்டு ஆண்டில் கோப்பு தானாகவே நிரம்பும். ஏன் கெட்டது என்று எழுதிப் பழகுவதே பாதிப் பயிற்சி.

பணம் யார் தருவது என்ற கேள்விக்கும் பதில் ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. பத்து மலேசியத் தொழிலாளருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளி சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பயிற்சி லெவியாகக் கட்டுகிறார். தொழிலாளி சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. 2021 மார்ச்சில் இது இன்னும் பல துறைகளுக்கு விரிந்தது. 60 மலேசியர், ஆளுக்கு 2,000 ரிங்கிட் என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400 ரிங்கிட். பயிற்சி கொடுத்தால் திரும்பக் கேட்டுப் பெறலாம்; பயிற்சி தொடங்குமுன் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்த பிறகு ரசீதைக் கொண்டுபோனால் பருப்பு வேகாது. இந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் ஆபீஸ் ஆட்களுக்கு ஓட்டலில் இரண்டு நாள் தன்முனைப்புப் பயிற்சி, மதியச் சாப்பாடு, குழுப்படம். குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை, கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், ஆலையில் ஆவியும் புகையும் தின்கிறவர்கள் கேட்பதே இல்லை. தொழிற்சங்கக் கிளைகள் போனஸ் பேச்சுவார்த்தையோடு இந்த லெவியில் இந்த ஆண்டு எத்தனை பேர் எந்தச் சான்றிதழ் வாங்கினார்கள் என்றும் ஒரு வரி கேட்கலாம்.

தனித்தனி ஆலையால் முடியாததைச் சேர்ந்து செய்யலாம் என்பதற்குப் பினாங்கு முன்மாதிரி காட்டியிருக்கிறது. 1989-ல் அங்கே தொழிற்சாலைகளும் மாநில அரசும் கல்வியாளர்களும் சேர்ந்து பி.எஸ்.டி.சி. என்ற திறன் மையத்தைத் தொடங்கினார்கள். எந்த இயந்திரத்துக்கு ஆள் தேவையோ அதைத் தொழிற்சாலைகளே சொல்லும், அதற்குத்தான் பாடம். வெளிநாட்டு ஆலையில் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தமாகச் சோதனைக் கருவிகள் செய்யும் நிறுவனங்களைக் கட்டினார்கள். 2000-ல் பினாங்கில் தொடங்கிய விட்ராக்ஸ் அப்படி வந்ததுதான். சம்பளத்தோடு நிற்காமல் அறிவு உள்ளூரில் தங்கும் வழி அது. கெடாவில் தோட்டப் பட்டணங்களைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகள் ஐந்தாறு சேர்ந்தாலே ஒரு பழைய பம்ப், ஒரு மோட்டார், இயந்திரங்களை நிரலால் இயக்கும் ஒரு சின்ன பி.எல்.சி. பலகை, நாலு அளவைக் கருவி வைத்துச் சனிக்கிழமைப் பட்டறை நடத்தலாம். பி.எல்.சி. நிரல் செம்பனை ஆலையில் ஓடுவதும் வேஃபர் ஆலையில் ஓடுவதும் ஒரே தர்க்கம்தான்.

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கும் நம் இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மடிக்கணினி கொடுப்பது படம் எடுக்க வசதி. வாங்கிய கணினி தலைமையாசிரியர் அறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளும் உண்டு; தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதே பணத்தில் பிள்ளை தன் கையால் அளந்து பார்க்கும் கருவிகளைக் கொடுங்கள்: இலக்கத் தராசு, வெப்பமானி, மல்டிமீட்டர், வெர்னியர் காலிப்பர். பிள்ளை ஒரே நாணயத்தின் தடிப்பைப் பத்து முறை அளக்கட்டும். பத்தும் ஒன்றாக வராது. ஏன் வரவில்லை என்ற வாதம் வகுப்பில் கிளம்பட்டும். திட்டவிலக்கம் என்ற பாடம் அப்போதுதான் அதற்குத் தேவைப்படும்.

மூன்றாம் படிவப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அவசரமான ஒன்று. இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணித வகுப்பு போதிய மாணவர் பெயர் கொடுத்தால்தான் திறக்கப்படும். நம் பட்டணப் பள்ளிகளில் நான்கைந்து பேர் மட்டும் கேட்டு, ஆள் குறைவு என்று வேறு தொகுப்புக்குத் தள்ளப்படுவது நடக்கிறது. பாடத்தொகுப்புத் தாள் கைக்கு வருமுன், ஆண்டிறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே, அக்கம்பக்கத்து லயங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் பெற்றோர் பேசி, பெயர்களைச் சேர்த்து, எந்த இனத்துப் பிள்ளையானாலும் பட்டியலில் எழுதி, ஒரே கடிதமாகப் பள்ளி முதல்வரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் போதவில்லை என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எடுத்துப்போக அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
செம்பனை ஆலைத் தொழில்நுட்பர் ஒருவர்,
பாடாங் செராய், கெடா.